அச்சாரம் வாங்குமுன்: பாப்பிரெட்டிப்பட்டிக் கலைஞர்களுக்குச் சட்டமும் தொழிலும் – முழுமையான வழிகாட்டி

கோடை பிறந்தால் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து களைகட்டும். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுப்பார்கள், கூத்து வாத்தியார் தேதி சொல்வார், அதோடு பேச்சு முடிந்தது. விடிய விடிய ஆடி முடித்து அரிதாரம் கலைக்கும் நேரத்தில்தான் மீதிப் பணம் குறைகிறது என்று தெரியவரும். ஊர்ப் பையன் ஒருவன் ஆட்டம் முழுவதையும் செல்பேசியில் எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டான் என்பது அதற்கும் பிறகு தெரியும்.

கூத்துக்காரர் மட்டுமல்ல. பாப்பிரெட்டிப்பட்டி கடைவீதியில் கல்யாண ஆல்பம் போடுகிற ஒளிப்படக்காரர், பிளெக்ஸ் வடிவமைப்பவர், பள்ளிச் சுவரில் படம் வரைபவர், பம்பை அடிப்பவர், பொம்மிடியில் ரயிலேறிச் சென்னைக்குக் குறும்படக் கதையோடு போகிற இளைஞர் என எல்லோருக்கும் இதே நிலைதான். சட்டம் பெரும்பாலும் இவர்கள் பக்கம்தான் இருக்கிறது. எந்த இடத்தில் எழுதி வாங்க வேண்டும், எந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் இருக்க வேண்டும் என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: உங்களிடம் என்னென்ன உரிமை இருக்கிறது என்று பாருங்கள்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படைப்பு எழுத்திலோ படத்திலோ ஒலியிலோ பதிவான அந்தக் கணமே உரிமை பிறந்துவிடுகிறது. எந்த அலுவலகத்திலும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எழுத்து, இசை, ஓவியம் போன்றவற்றுக்கு அந்த உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அவருக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நீடிக்கும். பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளுக்கும் போய்ச்சேரக்கூடிய சொத்து இது.

ஆனால் சட்டம் காப்பது கருவை அல்ல, அதை நீங்கள் சொன்ன விதத்தை. நாடகம் ஒன்றின் கருவைத் திரைப்படம் எடுத்துக்கொண்டதா என்ற ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1978இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. கர்ண மோட்சக் கதை யாருக்கும் தனிச் சொத்தல்ல. வாத்தியார் தம் கைப்பட எழுதி வைத்திருக்கும் கர்ண மோட்சப் பிரதியில், அவர் சொந்தமாகக் கட்டிய விருத்தமும் வசனமும் அவருடைய சொத்து.

எழுதாதவருக்கும் உரிமை உண்டு. மேடையில் ஆடுபவர், பாடுபவர், வாசிப்பவர் எல்லோருக்கும் 'நிகழ்த்துநர் உரிமை' என்று தனியாக ஒன்றைச் சட்டம் தருகிறது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடியையும் பாம்பாட்டியையும்கூட அதன் விளக்கத்தில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். நிகழ்ச்சியைப் பதிவு செய்யவும், பதிவு செய்ததைப் பொதுமக்களுக்குப் பரப்பவும் உங்கள் சம்மதம் வேண்டும். இந்த உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. ஆகவே ஊர்ப் பையன் யூடியூபில் ஏற்றிய அந்த முழு ஆட்டம் நீங்கள் கேள்வி கேட்கக்கூடிய ஒன்றுதான். அதைத் தடுப்பதா, நாலு ஊருக்குப் பெயர் போகட்டும் என்று விடுவதா என்பது உங்கள் முடிவு. முடிவெடுக்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பரம்பரையாக வந்த தாலாட்டுக்கும் ஒப்பாரிக்கும் தனி உரிமையாளர் கிடையாது. ஆனால் உங்கள் பாட்டி பாடிய அந்தப் பாட்டை ஒருவர் பதிவு செய்தால், பாடியவராகப் பாட்டிக்கு நிகழ்த்துநர் உரிமை வந்துவிடுகிறது. படத்துக்கு என்று மைக்கோடு வருபவரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள்.

படி 2: எழுதாமல் விட்டால் யாருக்குச் சாதகம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பதிப்புரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்து இருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் பதிப்புரிமை கைமாறாது. எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு தொகை என்பதெல்லாம் அந்தத் தாளில் குறிக்கப்பட வேண்டும். எத்தனை ஆண்டு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த இடம் என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. வாங்கியவர் ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தாவிட்டால், தாளில் வேறு விதமாக எழுதியிருந்தாலொழிய, உரிமை உங்களிடமே திரும்பி வந்துவிடும்.

ஆக, கவிதை எழுதியவர், மெட்டுப் போட்டவர், கூத்துப் பிரதி எழுதியவர் விஷயத்தில் தாள் எதுவும் இல்லை என்றால் உரிமை அவரிடமே இருக்கிறது. 'காசு கொடுத்துவிட்டோம், பாட்டு எங்களுடையது' என்று யாராவது சொன்னால், கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டச் சொல்லுங்கள்.

ஒளிப்படக்காரருக்கும் ஓவியருக்கும் நிலைமை நேர் எதிர். ஒருவர் கேட்டு, அவர் பணம் கொடுத்து எடுக்கப்பட்ட ஒளிப்படம், வரையப்பட்ட ஓவியம், எடுக்கப்பட்ட திரைப்படம் ஆகியவற்றில், வேறு உடன்பாடு இல்லாவிட்டால், பணம் கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர். அதாவது, பேசாமல் இருந்தால் கல்யாண வீட்டுப் படங்கள் அனைத்தும் கல்யாண வீட்டாருடையவை. உங்கள் கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் மணமகள் படத்தைப் போட்டுத் தொழில் தேட வேண்டுமானால், முன்பணம் வாங்கும்போதே 'மாதிரிக்காகப் பயன்படுத்திக்கொள்ளச் சம்மதம்' என்று ஒரு வரி எழுதி வாங்கியிருக்க வேண்டும். உரிமை ஒருபுறம் இருக்கட்டும், ஒரு பெண்ணின் படத்தை அவருக்குத் தெரியாமல் ஊர் பார்க்க வைப்பது முறையும் அல்ல. மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கும் இதே கதைதான்: வேலையின் பகுதியாகச் செய்தது முதலாளிக்குப் போகும்.

உரிமையை முழுதாகக் கொடுத்த பிறகும் உங்களிடமிருந்து பிரியாத உரிமைகள் இரண்டு இருக்கின்றன. இது என்னுடைய படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், உங்கள் பெயருக்குக் கேடு வரும்படி அதைச் சிதைத்தால் தட்டிக்கேட்கும் உரிமையும் அவை. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979இல் அவரிடம் சொல்லாமலே பெயர்த்தெடுத்து, சேதப்படுத்தி, கிடங்கில் போட்டார்கள். பணம் கொடுத்தது அரசு, சிற்பமும் அரசுடையது. ஆனாலும் டெல்லி உயர் நீதிமன்றம் 2005இல், எஞ்சிய சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் உத்தரவிட்டது. பள்ளிச் சுவரில் வரையும் ஓவியர்களே, மூலையில் உங்கள் பெயரை எழுதுங்கள். அது ஆணவம் அல்ல, சட்டம் தந்த இடம்.

படி 3: பேசியதைத் தாளில் இறக்குங்கள்

ஒப்பந்தம் என்றதும் வக்கீல், ஆங்கிலம், முத்திரைத்தாள் என்று மிரள வேண்டாம். கூத்துக்கும் மேளத்துக்கும் தமிழில் ஒரு பக்கம் போதும். எளிய மாதிரி ஒன்று:

"…… தேதி இரவு …… ஊர் கோயில் திடலில் '……' கூத்து நடத்த மொத்தம் …… ரூபாய் பேசி, இன்று …… ரூபாய் அச்சாரம் பெற்றுக்கொண்டோம். மீதித் தொகையை ஆட்டம் தொடங்குமுன் …… என்பவர் கொடுப்பார். மேடை, விளக்கு, ஒலிபெருக்கி, காவல்துறை அனுமதி, குழுவினருக்குச் சாப்பாடு, வண்டிச் சத்தம் ஆகியவை விழாக் குழுவின் பொறுப்பு. புறப்பட்ட பின் மழையாலோ தடையாலோ ஆட்டம் நின்றால் …… ரூபாய் தரப்படும். ஆட்டத்தை முழுதாகப் படம்பிடித்து வெளியிட எங்கள் எழுத்துச் சம்மதம் வேண்டும்."

இரண்டு பக்கத்தாரும் கையெழுத்து, இரண்டு சாட்சி. 'மீதித் தொகையை இன்னார் கொடுப்பார்' என்ற இடத்தில் ஓர் ஆளின் பெயர் கட்டாயம் வேண்டும். 'ஊரார்' என்று எழுதினால் விடியற்காலையில் யாரிடம் போய் நிற்பது? வாத்தியாருக்கும் தர்மகர்த்தாவுக்கும் தலைமுறைப் பழக்கம் இருக்கலாம். அந்தப் பழக்கத்துக்குத் தாள் எதிரி அல்ல. பேசினதை இருவரும் மறக்காமல் இருக்கத்தான் எழுதுகிறோம் என்று சொன்னால் பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

தாளே வேண்டாம் என்கிற வாடிக்கையாளரிடம் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "அண்ணா, பேசியபடி ஆல்பம் இரண்டு, வீடியோ ஒன்று, மொத்தம் இவ்வளவு, முன்பணம் இவ்வளவு வந்தது. சரிதானே?" அவர் 'சரி' என்று பதில் போட்டால் அது ஒரு சான்று. உரிய சான்றிதழோடு மின்னணுப் பதிவை நீதிமன்றம் ஏற்கும். உரையாடலை அழித்துவிடாதீர்கள். ஆனால் பணப்பேச்சுக்குத்தான் இது போதும். பதிப்புரிமையைக் கைமாற்றும் விஷயத்தை வாட்ஸ்அப்பில் முடிக்காதீர்கள், அதற்குக் கையெழுத்திட்ட தாள்தான்.

எதிர்ப்பக்கம் ஒரு நிறுவனமாக இருந்து, அவர்களே ஒப்பந்தம் நீட்டினால் மூன்று சொற்றொடர்களைத் தேடுங்கள்: 'உலகம் முழுவதும்', 'நிரந்தரமாக', 'இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா ஊடகங்களிலும்'. இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் தொகை அதற்கேற்றதா என்று யோசியுங்கள். இளையராஜாவின் பாடல்களைச் சுற்றி ஆண்டுக்கணக்கில் நடக்கும் வழக்குகளைப் பாருங்கள். இசைத்தட்டும் ஒலிநாடாவும் மட்டுமே இருந்த காலத்தில் போட்ட ஒப்பந்தங்கள், இணையம் வந்த பிறகு எதைக் கொடுத்தன, எதைக் கொடுக்கவில்லை என்ற சச்சரவு அவற்றில் இருக்கிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, ஒப்பந்தம் போட்ட நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்துக்கான உரிமை, அதைத் தனியாகக் குறிப்பிட்டிருந்தாலொழியப் போகாது. அதே திருத்தம், திரைப்பாடல் எழுதியவரும் இசையமைத்தவரும் தியேட்டருக்கு வெளியே வரும் ராயல்டியில் தங்கள் சம பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது என்றும் சொல்லிவிட்டது. 'ராயல்டி வேண்டாம்' என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது.

படி 4: கூட்டாகச் செய்தால் பங்கை அன்றே எழுதுங்கள்

2021 மார்ச்சில் 'மாஜா' நிறுவனம் வெளியிட்ட 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டு உலகம் முழுவதும் ஒலித்தது. கலைஞர்கள் அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் மூவரின் பெயரும் அதோடு சேர்ந்தது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு அறிவு இல்லாமல் ஒலித்தது. அதன்பின் பாட்டில் யாருடைய பங்கு எது என்பதை மூவரும் தனித்தனியாகப் பொதுவெளியில் விளக்க வேண்டி வந்தது. 2024இல் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு வருமானம் எதுவும் வரவில்லை என்று சொன்னார். யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல. அவ்வளவு பெரிய பாட்டுக்கே இந்த நிலை என்றால், நாலு நண்பர்கள் சேர்ந்து வாணியாறு அணைக்கரையில் எடுக்கும் ஆல்பம் பாட்டுக்கு என்ன பாதுகாப்பு?

பாட்டு முடிந்த அன்றே, வெளியிடுவதற்கு முன், ஒரு பங்கீட்டுத் தாள் போடுங்கள். வரிகள் யார், மெட்டு யார், பாடியது யார், படப்பிடிப்புச் செலவு யார், யூடியூப் சேனல் யார் பெயரில், வரும் பணத்தில் யாருக்கு எத்தனை விழுக்காடு, பெயர்கள் எந்த வரிசையில் போடப்படும் என்று எழுதி எல்லோரும் கையெழுத்திடுங்கள். பாட்டு ஓடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு போய்விடும்.

படி 5: தேதிக்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள்

பதிவு கட்டாயமில்லை என்றேன். ஆனாலும் தகராறு வந்தால் 'எனக்கு முன்பே இருந்தது' என்று நிறுவ வேண்டியிருக்கும், அதற்குப் பதிவுதான் நல்ல ஆயுதம். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். எழுத்து, இசை, ஓவியத்துக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000, திரைப்படத்துக்கு 5,000. விண்ணப்பித்த பின் ஆட்சேபம் வருகிறதா என்று 30 நாள் பொறுத்திருப்பார்கள்.

திரைக்கதை எழுதுபவர்கள் சென்னையில் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்திலும் கதையைப் பதிந்து வைப்பது வழக்கம். 2018இல் 'சர்கார்' படம் வெளிவருமுன், தம்முடைய 'செங்கோல்' கதையோடு அது ஒத்துப்போகிறது என்று வருண் ராஜேந்திரன் வாதாடியபோது, சங்கத்தில் முன்பே பதிந்து வைத்திருந்ததுதான் அவருக்குக் கைகொடுத்தது. சமரசத்தில் படத்தில் அவர் பெயருக்கு இடம் கிடைத்தது.

குழுவின் பெயர் வேறு விஷயம். பெயருக்குப் பதிப்புரிமை உதவாது, வணிகமுத்திரைப் பதிவு வேண்டும். சென்னை கிண்டியில் அதன் அலுவலகம் இருக்கிறது, விண்ணப்பம் இணையத்திலேயே. தனிநபருக்கு ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

படி 6: மற்றவர் பாட்டும் இரவு ஒலிபெருக்கியும்

கல்யாணத்திலும் மாப்பிள்ளை ஊர்வலத்திலும் சினிமாப் பாட்டு வாசிப்பதற்கு யாருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. மதச் சடங்குகளுக்கும் திருமணக் கொண்டாட்டத்துக்கும் சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. டிக்கெட் போட்டு மேடைக் கச்சேரி நடத்தினால் இந்த விலக்கு கிடையாது. கல்யாண வீடியோவில் சினிமாப் பாட்டைச் சேர்த்து உங்கள் சேனலில் ஏற்றுவதற்கும் கிடையாது. யூடியூபில் 90 நாளுக்குள் மூன்று பதிப்புரிமை எச்சரிக்கை வந்தால் சேனலே போய்விடும். உரிமம் பெற்ற இசையையோ, உங்கள் ஊர்ப் பம்பைக்காரருக்குக் காசு கொடுத்து வாசித்துப் பதிவு செய்த இசையையோ போடுங்கள். இரண்டாவது எனக்குப் பிடித்த வழி.

நாடகம் போடுமுன் பிரதியைக் காட்டி அனுமதி வாங்கச் சொன்ன 1954ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. பத்திரிகையாளர் ஞாநி தொடுத்த வழக்கு அது. எனினும் கூத்துக்கு வேறொரு இடைஞ்சல் இருக்கிறது. ஒலி மாசு விதிகளின்படி திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை ஒலிபெருக்கி கூடாது. திருவிழா நாட்களுக்கு நள்ளிரவு 12 வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் முடியாது. விடிய விடிய ஆடும் கலைக்கு இந்த விதி பொருந்தவே இல்லை என்பது என் உறுதியான கருத்து. விதி மாறும்வரை, அனுமதி வாங்கும் பொறுப்பும், ஆட்டம் நடுவில் நிறுத்தப்பட்டாலும் முழுப்பணம் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

படி 7: தொழிலாக நில்லுங்கள்

ஒளிப்படக்கடை, டிசைன் கடை வைத்திருப்பவர்கள் 'உத்யம்' தளத்தில் ஆதாரைக் கொண்டு பதிவு செய்யுங்கள். அரசு தளத்தில் இது முற்றிலும் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுடையது அல்ல. பதிவு இருந்தால், பணம் தர இழுத்தடிக்கும் வாடிக்கையாளர் மீது சிறுதொழில் சட்டப்படி முறையிடலாம். அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி.

கூத்துக் குழுவும் மேளக் குழுவும் ஒருவர் பெயரிலேயே ஓடுவது வழக்கம். பங்குதாரர் நிறுவனமாகவோ, ஏழு பேராவது சேர்ந்த பதிவுச் சங்கமாகவோ ஆக்கிக்கொண்டால் வங்கிக் கணக்கும் கணக்குவழக்கும் குழுவின் பெயருக்கு வந்துவிடும். பங்குதாரர் நிறுவனமென்றால் பதிந்துவிடுங்கள். பதியாத நிறுவனம் வெளியார்மீது ஒப்பந்த வழக்குத் தொடுக்க முடியாது.

வரியைப் பற்றிச் சுருக்கமாக: ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நாட்டார் கலை, செவ்வியல் கலை நிகழ்ச்சிக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரை ஜிஎஸ்டியே இல்லை. நிறுவனங்கள் பணம் தரும்போது வரி பிடித்துக் கொடுத்தால் பான் எண்ணைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் 20 விழுக்காடு பிடிப்பார்கள். உங்கள் வருமானம் வரிவரம்புக்குள் இல்லையென்றால் கணக்குத் தாக்கல் செய்து பிடித்ததைத் திரும்ப வாங்கிவிடலாம். நிறையக் கலைஞர்கள் இந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

18 முதல் 60 வயதுக்குள் இருக்கும் கிராமியக் கலைஞர்கள் தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகுங்கள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், விபத்து ஆகியவற்றுக்கான உதவி அதன் வழியாகத்தான் வரும். சேலத்திலுள்ள மண்டலக் கலை பண்பாட்டு மையத்தில் விவரம் கேட்கலாம்.

படி 8: குரலையும் முகத்தையும் தனியாகப் பேசுங்கள்

2024இல் 'லால் சலாம்' படப் பாட்டில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரலைச் செயற்கை நுண்ணறிவால் ஏ.ஆர். ரஹ்மான் மீட்டெடுத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டு, ஊதியமும் கொடுத்ததாகச் சொன்னார். எல்லோரும் அப்படிக் கேட்பார்கள் என்று நம்பி இருக்க முடியாது. அதே ஆண்டு பாடகர் அரிஜித் சிங்குக்கு மும்பை உயர் நீதிமன்றம், அவர் குரலை அனுமதியின்றி இப்படி நகலெடுப்பதற்குத் தடை வழங்கியது. நீங்கள் குரல் கொடுக்கும், நடிக்கும் எந்த ஒப்பந்தத்திலும் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: 'என் குரலையும் உருவத்தையும் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சி கொடுக்கவோ, நகலெடுக்கவோ இந்த ஒப்பந்தம் அனுமதி தராது.'

படி 9: பணம் வராவிட்டால், படைப்பு திருடுபோனால்

முதலில் தாளையும் தேதியையும் எடுத்து வைத்துக்கொண்டு, மரியாதையாக ஒரு செய்தி, பிறகு பதிவுத் தபால். காசோலை திரும்பி வந்தால் காலம் முக்கியம்: வங்கி தெரிவித்ததிலிருந்து 30 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும், அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார்.

இணையத்தில் திருட்டு என்றால் முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணைப்பையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் புகார். அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று விதி சொல்கிறது. அப்படி முடக்கியது 21 நாளுக்குத்தான். அதற்குள் நீதிமன்ற உத்தரவு வாங்காவிட்டால் அவர்கள் மீண்டும் திறந்துவிடலாம். தெரிந்தே திருடியவருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறை என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

வழக்கென்றால் சென்னைக்கு அலைய வேண்டுமே என்று பயந்துதான் பலர் விட்டுவிடுகிறார்கள். பதிப்புரிமை வழக்கை, பாதிக்கப்பட்டவர் குடியிருக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம். திருடியவர் எந்த ஊரில் இருந்தாலும் பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் தருமபுரியில் வழக்குப் போடலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியலின, பழங்குடி மக்கள், மாற்றுத்திறனாளிகள், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அங்கே வக்கீல் இலவசம். பணப் பாக்கிக்கும் உரிமை மீறலுக்கும் காலவரம்பு மூன்று ஆண்டு. ஆகவே போன ஆண்டுத் திருவிழாப் பாக்கி இன்னும் வசூலாகும் நிலையில்தான் இருக்கிறது. அந்த நோட்டை எடுத்துப் பாருங்கள்.